கழுகுமலைக்குப் போனால் சாக்கட்டி கொண்டுபோகாதீங்க

நேற்று ராத்திரி வீடு திரும்பியும் கோபம் ஆறவில்லை. கழுகுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைக்கு வழி கேட்டேன். "ஏறுங்க சார்" என்றார் ஓர் ஆட்டோக்காரர். ரெண்டு திருப்பம், 150 ரூபாய்! கையில் இருந்ததே 600. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி இறங்குங்கள், பேசாமல் நடங்கள்.

ஒரே பாறையில் செதுக்கிய வெட்டுவான் கோவிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சமணர் சிற்பங்களுக்குப் போனோம். அங்கேயே மத்தியானம் முழுக்கக் கழிந்தது. பாறை நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமண சமயத்தின் பெரிய குருமார்கள்; தலைக்கு மேல் முக்குடை என்ற மூன்றடுக்குக் குடை. 8, 9ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். உருவங்களுக்குக் கீழே யார் செய்வித்தது என்று வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள். கோட்டாறு, திருச்சாரணம் என்று தெற்கேயிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். குரத்தியர் என்ற பெண் துறவி ஆசிரியர்களின் பேரும், அவர்களிடம் படித்தவர்களின் பேரும் இருக்கின்றன. படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம்ம சீமையில் பெண்கள் பாடம் சொன்ன பள்ளி இது!

அந்தப் பாறையிலேயே ஆணியால் கீறிய காதலர் பெயர்களும் இருக்கின்றன. அதைவிட வயிற்றெரிச்சல், ஆர்வமாக வந்த கல்லூரிப் பிள்ளை ஒன்று எழுத்து தெரியட்டும் என்று சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. என்னோடு வந்த தமிழாசிரியர் ஓடிப்போய்த் தடுத்தார்.

"வேண்டாம்மா. நீ எதை 'ர' ன்னு நினைக்கியோ அதைத்தான் சாக்கட்டி காட்டும். அப்புறம் போட்டோவுல உன் ஊகம்தான் இருக்கும், கல்லுல இருக்கது இருக்காது. அதைக் கழுவித் தேய்க்கத் தேய்க்க எழுத்தும் மழுங்கிரும்."

முறையாகச் செய்வதென்றால் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுப்பார்கள். அதுவும் பழகியவர்கள்தான் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். நமக்கு டார்ச் போதும். சார் அந்தப் பிள்ளையின் போன் டார்ச்சை வாங்கிப் பாறையை ஒட்டிப் படுக்கவைத்தாற்போல் பிடித்தார். வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து கோடுகள் எழும்பின. முதலில் 'கு'. பிறகு 'ர'. அந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் குனிந்தாள்.

தண்ணீர் எடுத்துப் போங்கள். பாறை காலைச் சுட்டெடுக்கிறது.