ஒரே ஆள், மூணு என்கொயரி

ஒரு கார் ஷோரூமின் என்கொயரி லிஸ்டில் இன்று ஒரே பெயர் மூன்று வரியில்.

ஒன்றில் போன் நம்பர் +91-ல் தொடங்குகிறது. இன்னொன்றில் முன்னால் 0. மூன்றாவதில் வெறும் 10 இலக்கம்.

சாஃப்ட்வேருக்கு அது மூன்று ஆள். மூன்று சேல்ஸ்மேன் கூப்பிட்டு மூன்று தள்ளுபடி சொல்வார்கள். அவர் பெரிய தள்ளுபடியைப் பிடித்துக்கொண்டு மேலே பேரம் பேசுவார். (நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்வோம்!)

கடைசி 10 இலக்கத்தை மட்டும் ஒப்பிடும்படி செட் பண்ணச் சொல்லுங்கள்.

அப்படியே, முதலில் எதைப் பார்த்து வந்தார் என்ற கட்டத்தையும் யாரும் மாற்றாதபடி பூட்டிவிடுங்கள். ஆள் நேரில் வந்ததும் அதை 'வாக்-இன்' என்று மாற்றிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் ஃபேஸ்புக் விளம்பரம் வேஸ்ட் என்று நிறுத்துகிறார்கள், அதைப் பார்த்து வந்தவர் டெலிவரி எடுத்துக்கொண்டிருக்கும்போதே.