பூசை உடுப்பின் ஓரம்

தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்தவர்களுக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் வீட்டுப் பெரியவர் மாதிரி. 1542-இல் எங்கள் கரைக்கு வந்து, ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக்கொடுத்தவர். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கோவாவில் நடக்கும் அவரது திருவுடல் தரிசனத்துக்கு, 2024 டிசம்பரில் அம்மாவை அழைத்துப் போனேன். சே பேராலயத்தில் நீண்ட வரிசை; பேழையின் முன் நிற்கக் கிடைத்தது சில நொடிகள். அம்மாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மறுநாள் காலை குன்றேறி, சாந்தா மோனிக்கா மடத்திலுள்ள கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். வெள்ளிப் பாத்திரங்களையும் தந்தச் சுரூபங்களையும் கடந்து வந்த அம்மா, சாமியார்கள் பூசையில் அணிந்த பழைய பட்டு உடுப்புகளின் முன் நின்றுவிட்டார்.

கிட்டத்தில் பார்த்தால்தான் அந்த வேலையின் அருமை தெரிகிறது. நூலைச் சுற்றி மெல்லிய பொன் தகட்டை முறுக்கிய சரிகை. நம் கல்யாணப் பட்டில் இருப்பதன் உறவுதான். ஆனால் அதை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுப்பதில்லை, இழுத்தால் தகடு உரிந்துவிடும். துணியின் மேல் படுக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாத பட்டு நூலால் அங்கங்கே கட்டித் தைக்கிறார்கள். ஓர் இதழை நிரப்பவே எத்தனை கட்டுத் தையல்! பட்டு இற்றுப்போன இடத்திலும் அந்தப் பூ அப்படியே நிற்கிறது.

“முதுகுப் பக்கத்துக்கும் ஏனம்மா இவ்வளவு வேலை?” என்றேன்.

“எங்களுக்காகத்தான். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்றல்லவா பூசை வைப்பார்? இலத்தீன் செபம் எங்களுக்கு என்ன புரியும்? முதுகில் மின்னும் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே முழங்காலில் இருப்போம்.”

1960-களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். தமிழில் பூசை வந்தது. அது பெரிய வரம். ஆனாலும் யாரோ பெயர் தெரியாத கைகள் மாதக்கணக்கில் தைத்தது, பின்னால் முழங்காலிட்டிருந்த ஏழைச் சனங்கள் பார்ப்பதற்காகவும்தான் என்று அறிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அம்மா குனிந்து, ஓர் உடுப்பின் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுந்தேற்றத்தின்போது சாமியார் அப்பத்தைக் கையில் உயர்த்துவார் இல்லையா, பாரம் இழுக்காமலிருக்க இந்த ஓரத்தைப் பூசைப் பையன் தூக்கிப் பிடிப்பான். எங்கள் அண்ணன் பிடித்திருக்கிறான்.”

சொல்லிக்கொண்டே இடது கையின் இரண்டு விரல்களால் காற்றில் ஓர் ஓரத்தைப் பிடித்தார். வலது கை, இல்லாத மணியை மெல்ல மூன்று முறை ஆட்டியது.