ஒரே ஆள், இரண்டு படை: செரோக்கி வீரர் பொம்மைகள், மூன்றாவது வாரம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட செரோக்கி (அமெரிக்கப் பூர்வகுடி இனம்) வீரர்களை 54 மில்லிமீட்டர் அளவில் செய்துகொண்டிருக்கிறேன், முதல் பொம்மை நேற்று ராத்திரி முடிந்தது. இரண்டு பொம்மை, ஆனால் ஒரே ஆள். 1861-இல் ஜான் ட்ரூ என்ற செரோக்கித் தளபதியின் குதிரைப்படையில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்காகப் போனவன், 1862-இல் வடக்கின் மூன்றாம் இந்தியன் ஹோம் கார்டு என்ற பூர்வகுடிகளின் படையில் நிற்கிறான். பெயர் எதுவும் வைக்கவில்லை, ஏனென்றால் ட்ரூவின் ஆட்களில் பெரும்பாலோர் அப்படித்தான் மாறிப்போனார்கள்.

வாங்கிய செட்டில் வந்த தலையில் முதுகு வரை தொங்கும் கழுகிறகுக் கிரீடம் இருந்தது. அது சமவெளிப் பூர்வகுடி மக்களின் வழக்கம். 1860-களின் செரோக்கிகள் பண்ணை, பள்ளிக்கூடம், சொந்த எழுத்தில் அச்சடித்த புத்தகம் என்று வாழ்ந்தவர்கள், சிலர் கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார்கள், இந்தப் போர் அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிரீடத்தை பிளேடால் சீவி எடுத்துவிட்டு எம்-சீலில் ஒரு பழைய கம்பளித் தொப்பி செய்தேன். விளிம்பு மெல்லிசாக வர மூன்று தடவை உருட்ட வேண்டியிருந்தது, விரலை ஈரமாக வைத்துக்கொண்டால்தான் ஒட்டாமல் வருகிறது.

முதல் வாரம் ஒரு தப்பு செய்தேன். பதினொரு வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவில் ஐந்து சிவப்பு நட்சத்திரம் இருக்கும் 'செரோக்கி பிரேவ்ஸ்' கொடியை ஈயத்தாளில் வரைந்து இவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். அது தெற்குக்காகச் சண்டை போட்ட இன்னொரு செரோக்கித் தலைவரான ஸ்டாண்ட் வாட்டியின் ஆட்களுடைய கொடி! 1835-இல் சொந்த மண்ணை விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் வாட்டியும் ஒருவர், அதனால் நடந்த வெளியேற்றத்தில் சுமார் 4,000 பேர் செத்தார்கள், 1839-இல் வாட்டியின் அண்ணனைச் சொந்த மக்களே வெட்டிக் கொன்றார்கள். ட்ரூவின் ஆட்களோ அந்த ஒப்பந்தத்தை எதிர்த்த தலைவர் ஜான் ராஸின் பக்கம். எந்தப் பக்கமும் சேராமல் இருக்கப் பார்த்த ராஸ், 1861 அக்டோபரில்தான் தெற்கோடு கையெழுத்துப் போட்டார். கொடியைப் பிரித்து எடுத்தபோது பொம்மையின் கட்டைவிரல் பெயிண்டோடு வந்துவிட்டது. போகட்டும், கொடி தப்பித்தது.

முதல் உருவத்துக்குச் சீருடை வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் போடும் பழுப்புக் கோட்டு, வேட்டைத் துப்பாக்கி. டிசம்பரில் பேர்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில் நடந்த சண்டைக்கு முந்தின இரவு, பெண்டு பிள்ளைகளோடு வடக்கே போய்க்கொண்டிருந்த கிரீக் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களைச் சுட மனசில்லாமல் ட்ரூவின் ஆட்கள் நூற்றுக்கணக்கில் முகாமை விட்டுப் போனார்கள். அந்த இரவுதான் இந்தப் பொம்மை. துப்பாக்கி தோளில் இல்லை, குழல் தரையைப் பார்த்திருக்கிறது, அதற்காக முழங்கையை அறுத்து மறுபடி ஒட்டினேன்.

கோட்டு மடிப்பின் உள்பக்கம் குறுக்காக இரண்டு குண்டூசி. அடிமை முறையை எதிர்த்த கீட்டோவா என்ற செரோக்கிச் சங்கத்தாரின் அடையாளம் அது, அதனால்தான் அவர்களுக்கு 'பின்' என்றே பெயர். மின் வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு துண்டு வெட்டி, பற்குச்சி நுனியில் பசை தொட்டு ஒட்டினேன், கையடக்க லென்ஸ் வைத்தால்தான் தெரியும்.

இரண்டு முகத்துக்கும் ஒரே கலவை, ஒரே மூச்சில் பூசினேன், அடுத்த நாள் கலக்கினால் நிறம் சேராது. இரண்டாவதன் நீலக் கோட்டு இப்போது காய்கிறது. இதற்குள்ளும் அந்த இரண்டு ஊசியை வைக்கப்போகிறேன், இந்தத் தடவை மடிப்புக்கு வெளியே.