பழுப்பு வந்தால் நல்லது

கோலார் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையில் மூன்று வருஷம் ஓட்டினேன். கயிறு கட்டிய வாளி, ஐஸ் பெட்டி, 300 மில்லி கண்ணாடி பாட்டில்கள். பெங்களூரின் சாக்கடையைச் சுத்திகரித்து, பம்பு போட்டுக் குழாயில் ஏற்றி, இந்த ஏரிகளில் விடுகிறார்கள். கே.சி. வேலி (கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு) திட்டம் என்று பெயர். 126 ஏரிகள், நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டக் கணக்கு. 2018 ஜூனில் முதல் தண்ணீர் வந்தது. அடுத்த மாதமே நுரை பொங்க, உயர் நீதிமன்றம் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தடை நீங்கித் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிறந்து வளர்ந்தது தங்கவயலில். 1000 அடி தாண்டிப் போர் போட்டும் புழுதி மட்டும் மேலே வந்ததைப் பார்த்தவன். அதனால் வறண்டு கிடந்த ஏரியில் அலை அடிப்பதைக் கண்டபோது மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. ஒரு ஏரி நிரம்பினால், மிகுந்த நீர் 'கோடி' எனும் வடிகால் வழியாக (தமிழில் கலிங்கல்) அடுத்த ஏரிக்கு இறங்கும். அங்கங்கே தேங்கி ஊறி, சுற்றுவட்டாரப் போர்களில் நீர் ஏற வேண்டும். ஏரியில் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. விதி அப்படி. கரையில் மோட்டார் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன், பார்க்காத மாதிரி நடந்தும் இருக்கிறேன். மல்பெரி வாடும்போது விதியை யார் படிப்பார்கள்?

ஓர் ஏரியில் ஒரு பெரியவர் எப்போதும் வந்து நிற்பார். தெலுங்குக்காரர். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, ஆய்வகம் போவதற்குள் அது மாறிவிடாமல் கரையிலேயே நிலைப்படுத்த வேண்டும். குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட் ஒரு மில்லி, காரக்கரைசல் ஒரு மில்லி விட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குவேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரண்டு அடியில் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும்.

முதல் தடவை பழுப்பைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. "இவ்வளவு அழுக்கா நாயனா?"

"இல்லை தாத்தா. பழுப்பு வந்தால்தான் நல்லது. மீன் மூச்சு விடும்."

நம்பவில்லை. இருந்தாலும் அடுத்த மாதம் பாட்டிலை அவரே வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். நாங்கள் அச்சடித்த அறிக்கை எல்லாம் பெங்களூருக்குத்தான் போனது. அந்தக் கரைக்கு ஒரு தாள் வந்ததில்லை. இரண்டு கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாவதும் வேண்டும் என்று கோலார்க்காரர்கள் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் பட்டது, இன்றும் படுகிறது. ஆனால் எனக்கு இட்ட வேலை பாட்டிலை நிரப்புவது.

அந்த வருஷக் கோடையில் ஆகாயத்தாமரை ஏரியை மூடிவிட்டது. இந்தத் தண்ணீரில் உரச்சத்து மிஞ்சி வருவதால் அதற்கு விருந்து. இலைகளை விலக்கி வாளியை இறக்கினேன். வழக்கம்போல் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்தவர், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். வெள்ளை.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் வீச ஆரம்பித்தார்.