பூட்டு விழும் முன் செய்ய வேண்டிய வேலை

தன்பாலீர்ப்பு கொண்ட பிள்ளை வீட்டில் உண்மையைச் சொன்னால், குமரி மாவட்டத்தில் மதம் எதுவானாலும் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். உபவாச ஜெபம், மந்திரவாதி, தர்கா, அதற்கும் மாறாவிட்டால் மருந்து. முதலில் பறிபோவது போன். அதனால் ஆதார், மார்க் ஷீட் அசல்களை நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே கொடுத்துவைக்கச் சொல்கிறோம்.

அடுத்தது ஒரு வெள்ளைத்தாள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன்படி 18 வயது நிறைந்த எவரும் மனநலச் சிகிச்சை விஷயத்தில் தனக்காக நிற்கும் பிரதிநிதியைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். எழுதாவிட்டால் அந்த இடம் உறவினருக்குப் போய்விடும். விருப்பத்தை மீறி மருத்துவமனையில் சேர்க்கப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும் என்பதால், இந்தத் தாள் பெரிய காவல். சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகாததை மனநோயாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 3 சொல்கிறது.

வீட்டை விட்டு வந்தவர்கள்மேல் 'காணவில்லை' புகார் வரும். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருந்தால் போலீஸ் வாக்குமூலம் பெற்று அதை முடித்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் குடும்பத்தோடு சபையோ ஊர் கமிட்டியோ வந்து நின்றால் 'சமாதானம்' பேசி அனுப்பிவைக்கிற ஆபத்து உண்டு. வக்கீல் இல்லாமல் போகவே கூடாது. புகார் வரும் முன்பே, வயதுச் சான்றோடு 'என் விருப்பத்தில் வந்தேன்' என்று நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அடைத்து வைத்துவிட்டால், ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போட வேண்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குக் கொண்டுபோய்விட்டால் 'எங்கள் எல்லை இல்லை' என்பார்கள் போலீசார். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173.

போதகரிடமோ ஜமாத்திலோ பேசும்போது வசனத்துக்கு வசனம் வாதாட வேண்டாம். பிள்ளையும் பெரும்பாலும் பக்தியுள்ள பிள்ளைதான்; அந்தப் பக்தியைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை. அடி, பூட்டு, பட்டினி ஆகியவற்றை மட்டும் பேசினால் போதும். பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. ஆசாரத்தின் பெயரால் உடம்பின்மேல் போட்ட கட்டளை 1859-இல் தளர்ந்த கதையை இங்குள்ள பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அங்கிருந்து தொடங்கினால் காது கொடுப்பவர்கள் உண்டு.

18 நிறையாதவருக்கு இந்த வழிகளில் பலவும் உதவா. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தாலும் குழந்தைகள் நலக் குழு வீட்டுக்கே திருப்பி அனுப்பக்கூடும். ஆகவே என்ன கொடுமை, எந்தத் தேதி, யார் செய்தது என்று எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும்.