எம்.எஸ்.டபிள்யூ. முடித்து வழக்குப் பணியாளர் வேலைக்கு வந்த கதை

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, படிக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி "அதுக்கு என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்பதுதான். இரண்டாம் வருஷம் சிறப்புப் பாடம் எடுக்கும்போது என்னோடு படித்தவர்களில் பலர் மனிதவளத்துக்குப் போனார்கள். கம்பெனி வேலை, தவறாத சம்பளம், வீட்டில் கடன் இருக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? நான் சமூக மேம்பாடு எடுத்தேன், களப்பணிக்கும் பெண்களுக்கு ஆலோசனை தரும் ஒரு தொண்டு நிறுவனத்தைக் கேட்டு வாங்கினேன். இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் களப்பணியைக் கையெழுத்துக்காகப் போய்வரும் நாட்களாக நினைக்காதீர்கள். ஒரு பெண் அழுதுகொண்டே பேசும்போது குறுக்கே புகுந்து புத்தி சொல்லாமல் உட்கார்ந்திருக்க நான் அங்கேதான் பழகினேன்.

படித்து முடித்ததும் அங்கேயே கொஞ்சச் சம்பளத்தில் சேர்ந்தேன். அப்புறம் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழக்குப் பணியாளர் (கேஸ் ஒர்க்கர்) எடுக்கும் விளம்பரம் வந்தது. 2015-ல் மத்திய அரசு பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் தொடங்கிய திட்டம் இது, சகி மையம் என்றும் சொல்வார்கள். வன்முறைக்கு ஆளாகி வரும் பெண்ணுக்கு மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி செய்து, 5 நாள் வரை தங்கவும் இடம் தருவார்கள். வேலை ஒப்பந்தம்தான், தொகுப்பூதியம், ராத்திரி ஷிப்டும் உண்டு. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேர்காணலில் சட்டப் பிரிவுகளாகக் கேட்பார்கள் என்று படித்துப் போனேன். அவர்கள் கேட்டது, "புருஷன் வந்து மன்னிப்புக் கேக்குறார், அந்தப் பொண்ணும் போறேங்குது, என்ன செய்வீங்க?" அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவேன், போவதென்று அவளே முடிவெடுத்தால் தடுக்க மாட்டேன், ஆனால் மறுபடி அடி விழுந்தால் எங்கே போவாள், யாரைக் கூப்பிடுவாள் என்பதை அவளோடு உட்கார்ந்து பேசி முடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்றேன். வேலை கிடைத்தது.

சேர்ந்த பிறகு தெரிந்தது, அந்தப் பதில்தான் தினமும் செய்ய வேண்டிய வேலை என்று. வருகிற எல்லாரிடமும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, கழுத்தை நெரித்தாரா என்பது. காயமே தெரியாது, அவளும் "சும்மா பிடிச்சாரு, அக்கா" என்பாள், ஆனால் பின்னால் கொலை வரை போகக்கூடும் என்பதற்கான பெரிய அடையாளங்களில் அது ஒன்று. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் பேராசிரியர் 1985-ல் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. இன்னொன்று, வீட்டை விட்டுக் கிளம்பும் சமயமும் அதை அடுத்து வரும் நாட்களும்தான் ரொம்ப ஆபத்தானவை. "பேசாம கிளம்பி வந்துரு" என்று ஊரில் எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள், எனக்கு அதைக் கேட்டாலே பயமாக இருக்கும். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் கொடுத்து வைத்தாயா, மதுரை ஆரப்பாளையத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, பெண்களுக்கான உதவி எண் 181 மனப்பாடமாகத் தெரியுமா, இதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

எழுதுவதும் முக்கியம். 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்ய படிவம் 1 இருக்கிறது. அதில் "கணவர் துன்புறுத்தினார்" என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனமில்லை. எதால் அடித்தார், எந்த இடத்தில் பட்டது, பிள்ளைகள் பார்த்தார்களா, அவள் சொன்ன வார்த்தையிலேயே இருக்க வேண்டும். கோர்ட்டில் போடும் மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அவள் மனசு விட்டுப்போகாமல் போனில் பேசிக்கொண்டே இருப்பதும் நம் பொறுப்புதான். வக்கீல் செலவுக்குப் பயப்படுகிறவர்களிடம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இந்த வேலைக்கு வர விருப்பமிருந்தால் மாவட்ட இணையதளத்தை அடிக்கடி பாருங்கள், விளம்பரம் வந்தால் கொடுக்கும் அவகாசம் குறைவுதான். இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தில் அனுபவச் சான்றையும் கையோடு வாங்கி வையுங்கள். பொறுப்பாளர் மாறிவிட்டால் உங்களைத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.