கைலித் துணியில ஒரு ஃப்ராக், ஒரு ஸ்கூல் கூம்பு

தங்கச்சி பொண்ணுக்கு நான் தைக்கிற துணிக்கு ஒரே ஒரு ரூல் தான் வெச்சிருக்கேன், இங்க முழுசா முடிக்கக் கூடாது. ஆள நிக்க வெச்சு போட்டுப் பாக்க முடியாதப்போ முழுசா முடிச்சு அனுப்புறதுல அர்த்தமே இல்ல, அங்க போய் டைட்டா இருந்துச்சுன்னா பிரிக்கிறதுக்கே தங்கச்சிக்கு ஒரு லீவ் நாள் போயிடும். அதனால சைடு ஜாயிண்ட், அடி மடிப்பு ரெண்டும் அவ வேலை, மீதி எல்லாம் என் வேலை. நான் சென்னை ராயபுரம், அவ ஜெர்மனில கொலோன் பக்கம். ரெண்டு வீட்லயும் மிஷின் இருக்கு, ரெண்டு பேருக்கும் தைக்க வரும், அதனால இது ஓடுது.

இந்த தடவ ஃப்ராக்கோட இன்னொரு வேலையும் வந்துச்சு, அத பத்தி தான் நிறைய சொல்லணும். பாப்பா இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் சேர்றா. அங்க ஒண்ணாங்கிளாஸ் முதல் நாள் ஒவ்வொரு குழந்தை கையிலயும் ஒரு பெரிய கூம்பு குடுத்து விடுவாங்க, ஷுல்ட்யூட்டேன்னு பேரு, உள்ள சாக்லேட், கலர் பென்சில், சின்ன பொம்மைன்னு ரொப்பி வாய கட்டி வெச்சிருப்பாங்க. 1800கள் ஆரம்பத்துல சாக்சனி, துரிங்கியா பக்கம் ஆரம்பிச்ச பழக்கம்னு சொல்றாங்க, இப்ப நாடு முழுக்க இருக்கு. கூம்பு வாய் வட்டமா, 70 செ.மீ. நீளம் இருக்கும், பழைய கிழக்கு ஜெர்மனி பக்கம் ஆறு பட்டை வெச்சு 85 செ.மீ.ன்னு இன்னும் பெருசாம். கடைல ரெடிமேடா கெடைக்குது, ஆனா நிறைய அம்மாங்க துணில கவர் தைச்சு அதுக்குள்ள அட்டைக் கூம்ப சொருகுறாங்க, ஸ்கூல் ஆரம்பிச்சதும் அட்டைய உருவிட்டு பஞ்சு அடைச்சா அது தலகாணி. "க்கா, எல்லாரும் யூனிகார்ன், டைனோசர்னு வெச்சிட்டு வருவாங்க, நீ நம்ம ஊர் துணில எதாச்சும் பண்ணு"ன்னா. பட்டுப்பாவாடை துணில பண்ணலாம்னு அவ ஐடியா. பட்டு வழுக்கும், பெவிக்கால் பட்டா கறை, சாக்லேட் பட்டா அதவிட கறை. கைலில பண்ணலாம்னு சொன்னேன், அப்படியே மிச்ச துணில ஃப்ராக்கும்.

எம்.சி. ரோடு பக்கம் ஒரு சந்துல கைலி மட்டும் விக்கிற கடை இருக்கு. உள்ள நுழைஞ்சதுமே "மூட்டுனதா மூட்டாததா மா"ன்னு கேட்டார். தைக்கிறதுக்கு மூட்டாதது தான் நல்லது, பிரிக்கிற வேலை மிச்சம், ரெண்டு மீட்டர் துணி ஓரம் கெடாம முழுசா கைக்கு வரும். கட்டம் எடுக்கிறப்போ ஒண்ணு பாக்கணும், கைலி கட்டம் பாதிக்கு மேல சதுரமா இருக்காது, நீட்டு வாக்குல ஒரு அளவு, அகலத்துல ஒரு அளவு. அதோட சிலதுல கோடு வரிசையே சமமா இருக்காது, சேப்பு, மஞ்சள், கருப்புன்னு ஒரு பக்கமாவே ஓடும், நடுக்கோட்டுல கண்ணாடி வெச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா வராது. சட்டைக்கு அது பரவாயில்ல, கூம்புக்கு ஆகாது, ஏன்னு கீழ சொல்றேன். கடைக்காரர் ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டு பொறுமையா காமிச்சார், கடைசில மெரூன்ல மஞ்ச கோடு, நடுவுல மெல்லிசா பச்சை, ரெண்டு பக்கமும் சமமா வர்றது ஒண்ணு எடுத்தேன். இருநூத்தி சொச்சம் ஆச்சு. அங்க சாதா காட்டனே மீட்டர் பத்து யூரோவுக்கு மேலன்னு தங்கச்சி சொல்வா, ஹாலந்துக்காரங்க ஊர் ஊரா வந்து போடுற துணிச் சந்தைக்குப் போனா தான் கொஞ்சம் கம்மியாம்.

அம்மாக்கு தான் மனசே ஆறல. "இன்னாடி இது, உங்கப்பா கட்டுற கைலிய வெட்டி கொயந்தைக்கு கவுன் தைக்கிற, வெள்ளக்காரன் பாத்தா சிரிக்க மாட்டான்?" வெள்ளக்காரன் இதுக்கு காசு குடுத்து க்யூல நின்னவன் மான்னேன். 1950கள் கடைசில இந்த மெட்ராஸ் கட்டம் அமெரிக்கால பெரிய ஃபேஷன். சி.பி. கிருஷ்ணன் நாயர், பிற்பாடு லீலா ஹோட்டல் ஆரம்பிச்சாரே, அவர் தான் அப்ப இந்த துணிய அங்க அனுப்புனவங்கள்ல முக்கியமானவர். தொவைச்சா சாயம் போவுதுன்னு வாங்குனவங்க சண்டைக்கு வந்ததும், சாயம் போறது தான் இதோட ஸ்பெஷல், கேரண்டின்னே விளம்பரம் பண்ணி வித்துட்டாங்க. அம்மா அதுக்கும் அசையல, "அவன் கெடக்கறான், நீ லேஸ் வெச்சி தை"ன்னுட்டு போயிட்டாங்க. லேஸ் வெக்கல.

அந்த கேரண்டி நமக்கு வேணாம். ராத்திரி முழுக்க பக்கெட்ல ஊறப்போட்டேன். கல்லுப்பு போட்டா சாயம் நிக்கும்னு வீட்ல சொல்வாங்க, உப்புனால நிக்கிதோ இல்லையோ மேலாக்க இருக்கிற சாயம் தண்ணில எறங்கிடும். முக்கியமா ஊற வெக்கிறது துணி சுருங்கத் தான், 20 இன்ச் ஃப்ராக்ல ஒரு இன்ச் சுருங்குனா கூட இடுப்பு மேல ஏறிடும், அதுவும் அங்க மிஷின்ல 40 டிகிரி, 60 டிகிரி சுடுதண்ணில போட்டு எடுக்கிறாங்க. காய்ஞ்சதும் ஈர வெள்ளத் துணிய மேல விரிச்சு அயர்ன் வெச்சு அழுத்திப் பாத்தேன், கறை ஏறுச்சுன்னா திரும்ப தொவைக்கணும். முதல்ல லேசா ரோஸ் ஏறுச்சு, மறுபடி அலசுனதும் சுத்தமா வந்துச்சு.

அளவு விஷயத்துல ஜெர்மன் ஊர் சைஸ் எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. நம்ம ஊர்ல 5-6 வயசுன்னு போட்டுட்டு ஆளுக்கொரு சைஸ் வரும். அங்க குழந்தை துணி சைஸே குழந்தையோட உயரம் தான், 104, 110, 116ன்னு 6 செ.மீ. 6 செ.மீ.யா ஏறும். பாப்பா 116. அத வெச்சு, வீடியோ கால்ல தங்கச்சி டேப் புடிச்சு மார்பு, ஷோல்டர், கைக்குழி சொல்ல, நான் டேப்ப திருப்பி இன்ச் பக்கம் பாத்து எழுதிக்குவேன், நான் இன்ச்காரி, செ.மீ.ல எனக்கு கத்திரி போகாது. பாப்பா ஒரு நிமிஷம் நேரா நிக்க மாட்டா, அதுக்கு அவ போட்டுட்டு இருக்கிற நல்லா ஃபிட்டான ஒரு ட்ரெஸ்ஸ தரைல விரிச்சு அளந்து சொல்றது தான் பெட்டர், அளவு ஜாக்கெட் குடுக்குற அதே கதை. இன்னொரு விஷயம், அவ வாங்குற ஜெர்மன் தையல் பத்திரிகைல வர்ற பேட்டர்ன்ல தையல் விடுற இடம் சேத்திருக்க மாட்டாங்க, கோடு மேலயே வெட்டுனா துணி அம்பேல், சுத்தி ஒன்னரை செ.மீ. நாம சேக்கணும். ஒரே பேப்பர்ல பத்து ட்ரெஸ் கோடு மேல மேல ஓடும், அதுல நம்ம கோட்ட தேடி ட்ரேஸ் எடுக்கிறதுக்குள்ள கண்ணு பூத்துடும்.

ஃப்ராக்ல யோக்க, அதாவது பாவாடைக்கு மேல வர்ற மார்புப் பாகத்த, க்ராஸ்ல, இழைக்கு மூலைவாட்டா வெட்டுனேன். கட்டம் டைமண்டா திரும்பிடுது, பாவாடை கட்டத்தோட சேரணும்ங்கிற தலவலியே இல்ல. க்ராஸ் துணி இழுத்துக்கும், அதுக்கு உள்ள நேர் இழைல வெள்ளை லைனிங். பாவாடை முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் மடிச்சு போட்டு ஒண்ணா வெட்டல, ஒண்ண வெட்டி அத துணி மேல கோட்டுக்கு கோடு வெச்சு ரெண்டாவத வெட்டுனேன், மெனக்கெட்ட வேலை தான், ஆனா சைடுல கட்டம் சேர்றது கத்திரில தான் இருக்கு, ஊசில இல்ல. யோக் சேத்து, சுருக்கம் வெச்சு, கழுத்து பட்டி அடிச்சு, பின்னாடி பட்டன் வெச்சு, சைடு மட்டும் திறந்து விட்டாச்சு.

அந்த சைடு ஜாயிண்ட்ட அவகிட்ட விடுறதுக்கு அளவு மட்டும் காரணம் இல்ல. என்னோடது கருப்பு பெடல் மிஷின், பாட்டி காலத்துது, கரண்ட் போனாலும் ஓடும், எங்க ஏரியா உப்புக்காத்துக்கு வாராவாரம் எண்ணெய் விட்டு மூடி வெச்சா இன்னும் இருவது வருஷம் தாங்கும். ஆனா அதுல அடில இருக்கிற பல்லு அடித்துணிய மட்டும் தான் தள்ளும், மேல் துணி பின்தங்கும், ஒரு முழம் தைக்கிறதுக்குள்ள கட்டம் கால் இன்ச் நகர்ந்து நிக்கும். நான் இங்க தைக்கிறதா இருந்தா ஒவ்வொரு கோட்டுலயும் குண்டூசி குத்தி, கையால நூல் ஓட்டி, அதுக்கப்புறம் தான் மிஷின். தங்கச்சி அங்க செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய பஃபாஃப் வாங்குனா, ஜெர்மன் கம்பெனி, அதுல பாதத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன கொக்கி மாதிரி எறங்கி மேல் துணியையும் அதே வேகத்துல இழுக்குது, 1968ல இருந்தே அந்த சிஸ்டம் வெச்சிருக்காங்களாம். வீடியோல பாத்தேன், குண்டூசி அங்கொண்ணு இங்கொண்ணு, கட்டம் அப்படியே போய் உக்காருது. வயித்தெரிச்சல் தான். ஆனா அவளுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல மிஷின் ஓட்ட முடியாது, ஞாயித்துக்கெழமையும் சத்தம் கூடாது, கீழ் வீட்டுக்காரங்க கேப்பாங்க. இங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு கடகடன்னு ஓட்டுனாலும் எதிர்வீட்டு டிவி சத்தத்துல யாருக்கும் கேக்காது.

இப்ப கூம்பு. கூம்ப பிரிச்சு படுக்க வெச்சா விசிறி தான். நீளம் 70, வாய் விட்டம் 20ன்னா சுத்தளவு கிட்டத்தட்ட 63 செ.மீ. நூல்ல சாக்பீஸ் கட்டி, ஒரு முனைய தரைல அழுத்திப் புடிச்சு 70 செ.மீ.க்கு ஒரு வளைவு போட்டு, அந்த வளைவு மேலயே டேப்ப நிமித்தி வெச்சு 63 அளந்து ரெண்டு பக்கமும் கூர்முனைக்கு கோடு இழுத்தா முடிஞ்சுது. கணக்கு போட்டா 51 டிகிரி சொச்சம் வருது, டிகிரி எல்லாம் வேணாம், நூலும் டேப்பும் போதும். அட்டை உள்ள போகணும்ல, அதுக்கு சுத்துல ஒரு செ.மீ. லூசு, அப்புறம் தையலுக்கு.

மேல சொன்ன கட்டம் மேட்டர் இங்க தான் வருது. விசிறியோட ரெண்டு ஓரமும் சாய்வா போகுது, அதனால கட்டம் நேரா சேர வாய்ப்பே இல்ல. ஆனா விசிறியோட நடுக்கோட்ட கட்டத்தோட நடுக்கோடு மேல கரெக்டா வெச்சு வெட்டுனா ரெண்டு ஓரமும் ஒரே சாய்வு, ஒரே எடத்துல அதே கலர் கோடு வந்து முடியும், தைச்சதும் பின்னாடி மேல இருந்து கீழ வரைக்கும் வி வியா இறங்கும். கோடு ரெண்டு பக்கமும் சமமா இல்லாத கைலில இது வராது, மெரூன் ஒரு பக்கம் மஞ்ச ஒரு பக்கம்னு இடிக்கும். சாய்வு ஓரம் கை பட்டாலே இழுத்துக்கும், அதனால வெட்டுன உடனே பின்பக்கம் ஒட்டு கேன்வாஸ அயர்ன் பண்ணி ஒட்டிட்டேன், தேய்க்கக் கூடாது, வெச்சு வெச்சு எடுக்கணும். கூர்முனை அடிக்கடி தரைல இடிக்கும்னு அதுக்கு மட்டும் காக்கில ஒரு குல்லா. எங்க தாத்தா பின்னி மில்லுல இருந்தவர், மில்லு மூடி இத்தன வருஷம் கழிச்சும் அந்த காக்கித் துண்டு பீரோல ஸ்ட்ராங்கா கெடக்குது, 14ஆம் நம்பர் ஊசி உள்ள போகல, அதவிட தடிமனான 16 போட்டேன்.

வாய்க்கு அங்க நெட் துணியோ க்ரேப் பேப்பரோ வெச்சு ரிப்பன் கட்டுறாங்க. நான் பச்சை காட்டன்ல ஒரு அகலப் பட்டி வெச்சு, ரெண்டு பக்கமும் நாடா ஓட்டி சுருக்குப்பை வாய் போட்டுட்டேன், ரெண்டு நாடாவையும் இழுத்தா மூடிக்கும், குழந்தை தானே திறக்கலாம். பேரு ஒரு பக்கம் தமிழ்ல, ஒரு பக்கம் அவங்க எழுத்துல. துணில எழுத்து வெட்டி ஒட்டி சுத்தி கையால காஜா எடுக்கிற மாதிரி தையல், என் மிஷின்ல ஜிக்ஜாக் கிடையாது. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் நேர் கோடு, சட்டுனு முடிஞ்சுடுச்சு, தமிழ் எழுத்து சுழி ஒவ்வொண்ணும் உள்பக்கம் குட்டி குட்டியா கத்திரி குடுத்து மடிச்சு தைக்கணும், விரல் நுனி எரிஞ்சுது. ஆனா பாக்க தமிழ் பக்கம் தான் அழகு, இத நான் பாரபட்சம் இல்லாம சொல்றேன்.

கூம்பையும் மூட்டல. தட்டையா மடிச்சா ஃப்ராக்கோட ஒரே கவர்ல போயிடும், அட்டை அங்கயே வாங்கிக்கலாம், அட்டைய வெச்சுப் பாத்து தான் கடைசி தையல் எங்க விழணும்னு தெரியும். நடுக்கோட்டுக்கும் வி சேர வேண்டிய எடத்துக்கும் வெள்ளை நூல்ல அடையாளம் போட்டு விட்டேன். தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்புற கிஃப்ட்னா 45 யூரோ மதிப்பு வரைக்கும் அங்க வரி கிடையாது, அதுக்குள்ள தான் வருது, ஃபார்ம்ல கிஃப்ட்னு போட்டு உள்ள என்னென்ன இருக்குன்னு தெளிவா எழுதுனேன், சும்மா "துணி"ன்னு எழுதக் கூடாது.

போய் சேந்துடுச்சு. ஃப்ராக் மார்புல கரெக்ட், நீளம் ஒரு இன்ச் கூட, அத வெட்டாம உள்ளயே மடிச்சிருக்கா, அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம். கூம்பு மூட்டுன ஃபோட்டோ அனுப்புனா, வி கீழ முக்கால்வாசி வரைக்கும் ஊசி முனை மாதிரி நிக்குது, கூர்முனை கிட்ட மட்டும் லேசா விலகி இருக்கு, அங்க காக்கி குல்லா வந்து மூடிடுது. பாப்பா இப்பவே உள்ள பொம்மைய போட்டு நாடாவ இழுத்து இழுத்து மூடிட்டு இருக்காளாம், ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள நாடா அந்துடும்னு ஸ்பேர் நாடா கேக்குறா.

மிச்ச கைலில ஒன்னரை அடிக்கு ஒரு துண்டு கெடக்குது, அதுல அவளுக்கு பென்சில் பவுச் வெட்டி வெச்சிருக்கேன், ஜிப் மட்டும் சௌகார்பேட்டை போறப்போ வாங்கணும். அதுக்கப்புறம் தங்கச்சியோட பொங்கல் ஜாக்கெட். அதுக்கு வீடியோ கால் எல்லாம் வேலைக்காகாது, டிசம்பர்ல அவ ஃப்ரெண்டு ஒருத்தங்க மெட்ராஸ் வர்றாங்க, அவங்க கையில அளவு ஜாக்கெட் குடுத்து விடுடின்னு சொல்லிருக்கேன்.